வீட்டுத் தொட்டியில் செர்ரி இறால் பெருக்குவது: புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறால் வளர்ப்பு என்றதும் நம் கடற்கரையில் வனாமிப் பண்ணைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அது இல்லை. மேசைமேல் வைக்கிற கண்ணாடித் தொட்டியிலேயே சினை பிடித்து, குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிற சின்னஞ்சிறு அழகு இறாலைப் பற்றியது. இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஹீட்டரை எங்கே பொருத்துவது என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். நமக்கு அதற்கு நேர் எதிரான கவலைகள்: உப்பேறிய போர் தண்ணீர், கத்திரி வெயில், கொசு மருந்து, புயல் வந்தால் நின்றுபோகும் கரண்ட். அதனால் இந்தப் பதில்களை நம் ஊர் வீடுகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல்முறை வளர்க்கிறேன். எந்த இறாலில் தொடங்கலாம்?

செர்ரி இறால். வேறு யோசனையே வேண்டாம். நியோகாரிடினா டேவிடி என்பது அதன் அறிவியல் பெயர். சொந்த ஊர் தைவானும் கிழக்குச் சீனாவும். இயற்கையில் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். நாம் கடையில் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு எல்லாம் வளர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த நிறங்கள். வளர்ந்த பெண் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும். ஆண் அதைவிடச் சின்னது. ஒன்று முதல் இரண்டு வருடம் உயிரோடு இருக்கும்.

இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம், இதற்குப் புழுப்பருவம் இல்லை. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே அம்மாவின் அச்சாக, ஓரிரு மில்லிமீட்டரில், முழு இறாலாகத்தான் வரும். அதே தண்ணீரில், அதே தொட்டியில் வளர்ந்துவிடும்.

தென்பெண்ணை ஆற்றிலும் கொள்ளிடத்திலும் கிடைக்கிற ஆற்று இறாலைத் தொட்டியில் விட்டால் பெருகாதா?

பெருகாது. ஆற்று இறாலில் பெரிய வகையான மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி நன்னீரில் வாழ்ந்தாலும், அதன் குஞ்சுகளுக்கு முகத்துவாரத்து உப்புத் தண்ணீர் வேண்டும். முட்டையிலிருந்து வரும் புழு பதினோரு பருவங்களைத் தாண்டித்தான் இறால் உருவத்துக்கு வருகிறது. பொரிப்பகங்களில் இதற்கென்று உப்பளவைச் சரியாக வைத்து, ஆர்ட்டீமியா தீனி கொடுத்து வளர்க்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் நடக்கிற காரியம் இல்லை. அதோடு, வளர்ந்த ஆற்று இறால் பக்கத்தில் இருக்கும் எதையும் கிடுக்கியால் பிடித்துத் தின்றுவிடும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படிகிறது. இதில் இறால் வளருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. கடலை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருக்கிறது. சற்று உள்ளே தள்ளிப் போனால் அதே ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். ஆகவே பக்கத்துத் தெருக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே அளந்து பாருங்கள்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செர்ரி இறாலுக்கு 180 முதல் 300 வரை வசதியான அளவு. 400 பக்கம் போனாலும் அந்தத் தண்ணீருக்குப் பழகிய இறால் பெருகும். பி.எச். 7 முதல் 8 வரை இருந்தால் போதும்.

ஆனால் இந்த மீட்டர் முழுக் கதையையும் சொல்லாது. தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்றுதான் அது காட்டுகிறது; என்ன கரைந்திருக்கிறது என்று காட்டாது. சுண்ணாம்புச் சத்தால் 400 வருவது வேறு, சமையல் உப்பால் 400 வருவது வேறு. இறாலுக்கு ஓடு கட்ட கால்சியமும் மக்னீசியமும்தான் தேவை. அதனால் ஜி.எச். என்கிற கடினத்தன்மையைக் காட்டும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். 6 முதல் 10 வரை வந்தால் நல்லது. டி.டி.எஸ். நிறைய, ஜி.எச். கொஞ்சம் என்று வந்தால் அது கடல் உப்பு ஏறிய தண்ணீர். அதை விட்டுவிட்டு வேறு வழி பாருங்கள். வாளியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்கிக்கொள்ளலாம்.

கலக்கும் கணக்கு எளிது. போர் தண்ணீர் 700, ஆர்.ஓ. தண்ணீர் 50 என்றால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் சுமார் 265 வரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. வெறும் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பதும் சரிவராது. அதில் சத்து இல்லை, ஓடு கட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் பிடிக்க வசதி இருந்தால் அதைவிட நல்ல கலப்புத் தண்ணீர் கிடையாது. மழை பிடித்த உடனே பிடிக்காமல், மொட்டை மாடித் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போக அரை மணி நேரம் விட்டு, அப்புறம் சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். கொசு உள்ளே போகாதபடி துணி கட்டுங்கள். எந்தக் கொசுக்கொல்லி மருந்தும் அதில் போடக் கூடாது.

செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றலாமா?

கூடவே கூடாது. செம்பு இறாலுக்கு விஷம். நமக்கு நல்லது என்று இரவெல்லாம் வைக்கிற அந்தத் தண்ணீர், இறால் தொட்டிக்கு ஆகாது. பித்தளைக்கும் இதுவே. பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர் போதும். மீனுக்குக் கொடுக்கிற நோய் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மருந்து ஊற்றிய பழைய தொட்டியை இறாலுக்கு மாற்ற வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே ஊற்றலாமா?

குளோரின் இருக்கும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், ஏர் பம்ப் கல்லைப் போட்டால் இன்னும் நல்லது. அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? என்னென்ன போட வேண்டும்?

ஒன்றரை அடி அல்லது இரண்டு அடித் தொட்டி. 40 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் நம் வெயிலில் தாங்கும். சின்னக் கிண்ணத்தில் வளர்க்கலாம் என்று படம் போடுகிறார்கள்; மதியம் ஒரு சூடு, இரவு ஒரு சூடு என்று அதில் தண்ணீர் ஏறி இறங்கும். தண்ணீர் அதிகம் இருந்தால் எல்லா மாற்றமும் மெதுவாக நடக்கும். இறாலுக்கு மெதுவான மாற்றம்தான் பிடிக்கும்.

ஃபில்டர் என்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். விலை குறைவு, குஞ்சை உள்ளே இழுக்காது, அதன் மேலேயே இறால்கள் உட்கார்ந்து மேயும். மோட்டார் வைத்த ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் உறிஞ்சும் வாயில் நைஸான ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். அடியில் நன்றாகக் கழுவிய பொடிக் கல் அல்லது ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம். ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி ஒரு கைப்பிடியாவது இருக்க வேண்டும், குஞ்சுக்கு அதுதான் வீடும் சாப்பாட்டு மேசையும். புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். அதனால் வேறு வாளியில் ஒரு வாரம் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, அப்புறம் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

நாட்டு வாதுமை மரம் நம் தெருக்களில் நிறைய உண்டு. தானாகக் காய்ந்து உதிர்ந்த பழுப்பு இலையைப் பொறுக்கி, கழுவி, ஒன்று போடுங்கள். சாலையோரத் தூசி படிந்த மரமாக இல்லாமல் வீட்டுத் தோட்டத்து மரமாக இருந்தால் நல்லது. இரண்டு வாரத்தில் இலை மெத்தென்று ஆகும். நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சும்வரை இறால்கள் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

தொட்டி ரெடி. எப்போது இறால் விடலாம்?

நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து. இதில் சமரசம் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். பரிசோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், நைட்ரேட் 20க்குக் கீழே.

இறால் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடியில், கல்லில், இலையில் கை வைத்தால் வழுவழுவென்று ஒரு படலம் தெரியும். பாக்டீரியாவும் நுண்பாசியும் சேர்ந்த அந்தப் படலம்தான் குஞ்சுகளின் முதல் உணவு. புதுத் தொட்டியில் அது இருக்காது. பெரிய இறால் சமாளித்துவிடும். குஞ்சு பட்டினியில் செத்துப்போகும். "சினை பிடித்தது, பொரித்தது, ஒரு வாரத்தில் ஒன்றுகூட இல்லை" என்று சொல்பவர்களிடம் தொட்டியின் வயதைக் கேளுங்கள், பாதிப் பேருக்கு விடை அங்கேயே இருக்கும்.

எத்தனை வாங்குவது? எப்படித் தொட்டியில் விடுவது?

பத்திலிருந்து பதினைந்து. பெரிதாக, சினையோடு இருப்பதை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். அரை அங்குலத்து இளசுகள் புதுத் தண்ணீருக்கு எளிதில் பழகும். பத்து வாங்கினால் ஆணும் பெண்ணும் அநேகமாகக் கலந்தே வரும். சென்னை கொளத்தூரில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் அதிகாலையிலோ இரவிலோ வாருங்கள். மே மாத மதியம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மருந்துக் கடையில் சலைன் ஏற்றும் குழாய் கிடைக்கும். சொட்டைக் கூட்டிக் குறைக்க உருளையோடு வரும். இறாலைப் பைத் தண்ணீரோடு ஒரு டப்பாவில் விட்டு, தொட்டியிலிருந்து அந்தக் குழாய் வழியாக வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வையுங்கள். டப்பாத் தண்ணீர் மூன்று மடங்கு ஆகும்வரை, ஒன்றரை இரண்டு மணி நேரம் போகட்டும். பிறகு வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறம் அடர்த்தியாக, உடம்பு பெரிதாக, வயிற்றின் கீழ்விளிம்பு வளைந்து தொங்கினால் பெண். ஒல்லியாக, வெளுப்பாக, வயிறு நேர்கோடாக இருந்தால் ஆண். பருவம் வந்த பெண்ணுக்குத் தலைக்குப் பின்னால், முதுகில், மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டுத் தெரியும். சேணம் என்று வளர்ப்பாளர்கள் சொல்வது அதைத்தான். அது சூலகத்தில் விளையும் முட்டை. இரண்டரை மூன்று மாதத்தில் இது வந்துவிடும்.

சினை பிடிப்பது எப்படி நடக்கிறது? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரு நாள் தொட்டியில் பாதி இறால்கள் வெறிபிடித்தாற்போல மூலைக்கு மூலை நீந்தும். பயந்துவிடாதீர்கள். எங்கோ ஒரு பெண் அப்போதுதான் சட்டை, அதாவது பழைய ஓட்டை, உரித்திருக்கிறது. அதன் உடம்பிலிருந்து தண்ணீரில் கலந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் தேடி அலைகின்றன. மென்மையான புது ஓட்டோடு பாசிக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெண்ணை ஓர் ஆண் கண்டுபிடித்துச் சேர்ந்த பிறகு, முதுகில் இருந்த முட்டைகள் வயிற்றின் அடிப்பக்கம் இறங்கும். 20, 30 முட்டை. நீச்சல் கால்களுக்கு நடுவில் திராட்சைக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதற்கப்புறம் அந்தத் தாயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீச்சல் கால்களை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். முட்டைக்கு ஆக்ஸிஜன் போக வேண்டும், பூஞ்சை பிடிக்கக் கூடாது. நடுநடுவே பின்னங்காலை உள்ளே விட்டு ஒவ்வொரு முட்டையையும் தடவிப் பார்க்கும், கெட்டுப்போனதைத் தள்ளிவிடும். சுமார் ஒரு மாதம் இப்படித்தான். வெயில் காலத்தில் சில நாள் முன்னதாகவே முடிந்துவிடும். பொரிக்கப் போகும் நாட்களில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். குஞ்சின் கண்கள் அவை. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இந்த ஒரு மாதமும் தாயை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள். பிடிக்கிற பயத்திலேயே முட்டையை உதறிவிடும்.

சினை பிடித்தது. நாலு நாளில் முட்டையைக் காணோம். ஏன்?

முதல் சினையில் அப்படி நடப்பது சகஜம். இளம் பெண்ணுக்குச் சில முட்டைகள் நிற்காது. அடுத்த முறை நிற்கும். மூன்றாவது, நான்காவது முறையும் உதிர்ந்தால் தண்ணீர்ச் சூட்டையும், ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். திடீரென்று தண்ணீர் மாறினால் தாய் நேரம் வருமுன்னே சட்டை உரித்துவிடும்; உரித்த சட்டையோடு முட்டையும் போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் மாற்றுவது?

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு. அதே டி.டி.எஸ்., அதே சூடு. மெதுவாக ஊற்றுங்கள்.

ஓட்டில் வெள்ளை வளையம் தெரிகிறது, மறுநாள் செத்துக் கிடக்கிறது. என்ன வியாதி?

வியாதி இல்லை, சட்டை உரிக்க முடியாத கோளாறு. சரியாக உரிந்தால் தலைக்கும் உடலுக்கும் நடுவில் முதுகுப்பக்கம் மட்டும் பிளந்து, இறால் ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். பிளவு முழுவட்டமாகச் சுற்றிக்கொண்டால் அதற்கு வெளியே வர வலு இருக்காது. சத்துக் குறைவு ஒரு காரணம், அதிகமாகத் தண்ணீர் மாற்றுவது இன்னொரு காரணம். முதலில் ஜி.எச். அளந்து பாருங்கள்.

கால்சியத்துக்கு நம் கடற்கரையிலேயே ஒரு வழி இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கரையிலும் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் அதுதான். எடுத்துவந்து பல நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, உப்பு போன பிறகு கொதிக்க வைத்து, நகம் அளவுத் துண்டு போடுங்கள். உரித்துப் போட்ட சட்டையையும் எடுத்து வீசாதீர்கள், இறால்களே அதைத் தின்று சத்தை மீட்டுக்கொள்ளும். கண்ணாடிபோல உள்ளே வெறுமையாக இருந்தால் சட்டை. இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தால் செத்த இறால். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

என்ன தீனி, எவ்வளவு?

குறைவாக. பசியில் செத்த பெரிய இறாலைவிட, மிஞ்சிய தீனி அழுகிச் செத்தவைதான் அதிகம். பத்துப் பதினைந்து இறாலுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று மணி நேரத்தில் தீரும் அளவு போதும். மிஞ்சினால் எடுத்துவிடுங்கள். கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த பசலைக்கீரை, முருங்கைக்கீரை, ஒரு வில்லை சுரைக்காய் அல்லது வெள்ளரிக்காய் எல்லாம் தின்னும். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வீட்டுக் கொல்லையில் மருந்தடிக்காமல் வளர்ந்த முருங்கையைத்தான் சிபாரிசு செய்வேன்.

குழம்புக்கு வாங்கிய பச்சை இறாலின் தோலை மட்டும் போடாதீர்கள். பண்ணைகளைப் பாடாய்ப் படுத்தும் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் பல வகை இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றக்கூடியது. சமையலறையில் இறால் சுத்தம் செய்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் ஆபத்துதான்.

கத்திரி வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது?

செர்ரி இறாலுக்கு 22 முதல் 26 டிகிரி சுகமான சூடு. 28 வரை நன்றாகவே இருக்கும். 30 தாண்டினால் சினை குறையும், இருக்கும் முட்டையும் உதிரும், குஞ்சுகளில் ஆண்கள் கூடிப்போகும். சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜனும் நிற்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் ஆக்ஸிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும்.

மே மாதம் வருமுன் தொட்டியின் இடத்தைச் சரிசெய்யுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், மேற்கு ஜன்னலோரம் வேண்டாம். தரைத்தளத்தில், வீட்டின் நடுக்கூடம்தான் குளிர்ச்சி. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடல்காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாட்களில் அந்த அளவுக்கு இறங்காது, அன்று ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஐஸ்கட்டியை நேரே போடுவது கூடாது, ஒரே நிமிடத்தில் சூடு இறங்குவது வெயிலைவிடக் கெடுதல்.

வெயில் மாதங்களில் பெருகவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஆடி, ஆவணி தாண்டட்டும். மழைக்காலத்திலிருந்து மாசிவரைதான் நம் ஊரில் இறாலின் நல்ல காலம்.

நேற்று இரவு எல்லாம் நன்றாக இருந்தது. காலையில் மொத்தமும் செத்துக் கிடக்கிறது. என்ன ஆனது?

ஒரே இரவில் மொத்தமும் போனால் அது நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. விஷமாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் அந்த விஷம் பெரும்பாலும் கொசு மருந்து. கொசுவர்த்திச் சுருள், சுவரில் செருகும் திரவம், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சியும் இறாலும் நெருங்கிய சொந்தம், கணுக்காலிகள். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும். மீன் தப்பிவிடுகிற அளவிலும் இறால் தப்பாது.

இதில் பலரும் கவனிக்காதது ஏர் பம்ப். அறையில் இருக்கும் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுவதுதான் அதன் வேலை. அறைக் காற்றில் கொசு மருந்து இருந்தால் அதையும் சேர்த்து ஊதும். தொட்டியை மூடி வைத்தும் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்தே வேண்டாம், கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். பம்பை மருந்து வைக்காத அறையில் வைத்துக் குழாயை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். தெருவில் புகை மருந்து அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலை அடைத்து, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். புகை அடங்கி அறையைக் காற்றாட விட்ட பிறகு பம்பைப் போடுங்கள்.

எறும்புக்குப் போடும் சாக்பீஸ் கோடும் இதே வகை மருந்துதான். தொட்டி மேசைக் காலில் கோடு போட்டு, அதே கையால் தீனி போட்டால் முடிந்தது. எறும்பு ஏறாமலிருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். கொசு விரட்டும் க்ரீம் தடவிய கையும் உள்ளே போகக் கூடாது. பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது தொட்டியை நன்றாக மூடுங்கள். உதிரும் பொடி பி.எச்.-ஐ ஒரேயடியாக ஏற்றிவிடும்.

புயல் வந்து இரண்டு நாள் கரண்ட் போனால்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஆகவே இது வரும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கார்த்திகைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

அது இல்லாவிட்டாலும் நல்ல செய்தி ஒன்று உண்டு: இறாலின் கழிவு மிகக் குறைவு, புயல் நாட்களில் சூடும் குறைவு. செடி நிறைந்த, நெரிசல் இல்லாத தொட்டி ஒன்றிரண்டு நாள் தாங்கும். தீனியை அடியோடு நிறுத்துங்கள். மூடியைத் திறந்து வையுங்கள். சில மணிக்கொருமுறை ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். கரண்ட் வந்ததும் அதை வெளியே எடுத்து, வாளியில் மொண்ட தொட்டித் தண்ணீரில் பிழிந்து கழுவி, அப்புறம் பம்பைப் போடுங்கள். தேங்கிய அழுக்கு தொட்டிக்குள் வராது. வெள்ளம் புகும் வீடு என்றால் தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நல்ல தண்ணீர் இரண்டு வாளி முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

கப்பி மீனோடு சேர்த்து வளர்க்கலாமா?

பெரிய இறால் பிழைக்கும், குஞ்சு பிழைக்காது. வாயில் நுழைகிற அளவு இருந்தால் எந்த மீனும் தின்னும். பெருக்க வேண்டும் என்றால் இறால் மட்டும். நத்தை இருக்கலாம்.

சிவப்பும் நீலமும் மஞ்சளும் சேர்த்து விட்டால் அழகாக இருக்காதா?

முதல் தலைமுறை அழகு. எல்லாம் ஒரே இனம் என்பதால் கலந்துவிடும். பேரன் பேத்தி காலத்தில் பழுப்பும் நிறமற்றதும்தான் மிஞ்சும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். அதிலும் வெளுத்துப் பிறப்பவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, அடர் நிறமுள்ளவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டால் வருடத்துக்கு வருடம் நிறம் ஏறும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு வளர்ப்பாளரிடமிருந்து சில இறால்களைச் சேர்த்தால் வலுவும் குறையாது.

வெள்ளைப் புழுவாக ஏதோ கண்ணாடியில் ஊர்கிறது.

மெல்லிய நூல்போல நெளிந்து நீந்தினால் கெடுதல் இல்லை, தீனி அதிகம் என்று அர்த்தம். தட்டையாக, முக்கோணத் தலையோடு வழுக்கி நகர்ந்தால் அது பிளனேரியா. குஞ்சையும் சட்டை உரித்த இறாலையும் பிடிக்கும். தீனியைக் குறையுங்கள், இறைச்சித் துண்டு வைத்த பொறியால் இரவில் பிடியுங்கள். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து அதைக் கொல்லும், இறாலை விட்டுவிடும். ஆனால் நத்தைக்கு ஆகாது.

கிறிஸ்டல் ரெட், அமானோ இறால் எல்லாம் இங்கே வளருமா?

கிறிஸ்டல் ரெட் இறாலுக்கு மென்மையான, சற்றே அமிலத் தண்ணீரும் 24 டிகிரிக்குக் கீழான சூடும் வேண்டும். குளிரூட்டும் கருவி வாங்க முடிந்தவர்கள் முயலலாம். அமானோ இறால் நம் தொட்டியில் வளரும், பாசியை நன்றாகத் தின்னும், சினையும் பிடிக்கும். ஆனால் அதன் புழுவுக்குக் கடல் தண்ணீரும் நுண்பாசித் தீனியும் வேண்டும். பக்கத்தில் கடல் இருக்கிறதே என்று கரையோரத் தண்ணீரை மொண்டுவந்தால் சாக்கடைக் கலப்பும் சேர்ந்து வரும்.

அதிகமாகிவிட்டது. ஊசுடு ஏரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஊசுடு பறவைகள் சரணாலயம். பாகூர் ஏரியானாலும், வீராணமானாலும், வீட்டுப் பக்கத்துக் குளமானாலும் இதே பதில்தான். தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்ட செர்ரி இறால் ஜெர்மனியிலும் போலந்திலும் ஜப்பானிலும் ஹவாயிலும் இயற்கை நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. அங்கெல்லாம் இப்படி என்றால், நம் குளத்து இறால் இனங்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொட்டித் தண்ணீரைக்கூட வாய்க்காலில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். குஞ்சு ஏதாவது அதில் இருந்தாலும் குளத்துக்குப் போகாது, செடிக்கும் அது நல்ல உரம்.

மிஞ்சுவதை மீன் கடைக்குக் கொடுக்கலாம், தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் ஒரு நாள் தீனி போடாதீர்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, பிடித்துக்கொள்ள ஒரு துண்டு ஜாவா மாஸ். செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் வைத்து, சாயங்காலம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் தொட்டியின் டி.டி.எஸ்., பி.எச். அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள். வாங்குபவர் அதற்கேற்பத் தண்ணீரைக் கலந்து வைத்துக்கொள்வார்.